கோடை முகாமும் அஸர் நேரமும்: ஓர் அமைப்பாளரின் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர் ஜமாஅத் சார்பில், பள்ளி மேல்வகுப்பு, கல்லூரி மாணவர்களுக்காக 2024-இல் பத்து நாள் உண்டு உறைவிட மார்க்கக் கல்வி முகாம் நடத்தினோம். நாள் குறிப்பதுதான் முதல் வேலை. மே 5 நீட் தேர்வு, மறுநாள் பிளஸ் டூ முடிவு, 10-ஆம் தேதி பத்தாம் வகுப்பு முடிவு என்று வரிசையாக வந்ததால், மதிப்பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 11-ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கினோம். கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாம் என்ற முடிவு முதல் நாளே தளர்ந்தது. பொறியியல் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓடிபி வந்தாக வேண்டும். மத்ரஸா அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துவிட்டுப் போனைத் திரும்ப ஒப்படைப்பது என்று ஏற்பாடு செய்தோம்.

பெற்றோரின் சம்மதக் கடிதம், சொந்த மஹல்லாவின் (ஊர்ப் பள்ளிவாசலின்) பரிந்துரை, ஆதார் நகல் ஆகியவை சிரமமில்லாமல் வந்து சேர்ந்தன. கால அட்டவணைதான் எங்களைப் படுத்தியது. எங்கள் ஊரும், சில பிள்ளைகள் வந்திருந்த காயல்பட்டினமும் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்று). கம்பம், திண்டுக்கல்லிலிருந்து வந்த ராவுத்தர் பிள்ளைகள் ஹனஃபி என்ற இன்னொரு மத்ஹபு. மே மாதத்தில் இங்கே ஷாஃபிகளுக்கு மூன்றரை மணிக்கே அஸர் என்னும் மாலைத் தொழுகையின் நேரம் வந்துவிடும். ஹனஃபிகளுக்கோ நாலரை தாண்ட வேண்டும். ஆரம்ப நேரத்தில் தொழுவதே சிறப்பு என்று மூத்த ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) வாதிட்டார், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அக்னி நட்சத்திர வெயிலில் நாலு மணிக்குப் பந்து விளையாட யாரை அனுப்புவது? முகாமின் ஜமாஅத்தை, அதாவது கூட்டுத் தொழுகையை, நாலே முக்காலுக்கு வைத்தோம். இரு மத்ஹபுக்கும் நேரம் சரி. தொழுதுவிட்டு மஃரிபு என்னும் அந்தித் தொழுகை வரை மைதானம்.

அடுத்து, பயணிகள் தொழுகையைச் சுருக்கித் தொழும் கஸர் பற்றிய கேள்வி எழுந்தது. பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் ஹனஃபிப் பிள்ளைகள் முஸாஃபிர்கள் (பயணிகள்), நான்கு ரக்அத்தை (தொழுகைச் சுற்றை) இரண்டாகத் தொழ வேண்டியவர்கள். நான்கு நாளுக்கு மேல் தங்கும் நிய்யத்தோடு (எண்ணத்தோடு) வந்த காயல் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் எல்லோரும் நான்குதான். ஆயினும் ஓரிரவு இஷா என்னும் இரவுத் தொழுகைக்கு ஹஜ்ரத் வேண்டுமென்றே கம்பத்து மாணவர் ஒருவரைத் தொழ வைக்க முன்னால் நிறுத்தினார். “நான் முஸாஃபிர், உள்ளூர்க்காரர்கள் நிறைவு செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார்; எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் காயல் பிள்ளைகளும் எழுந்து மீதியைத் தொழுதார்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுவதா இருப்பதா என்று தெரியாமல் அரைகுறையாக நிமிர்ந்து, பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தான். அன்றிரவு நால்வர் நால்வராக சஹன் என்னும் பெரிய உணவுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தபோதும் ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டப் பேச்சுதான். வகுப்பில் வாயே திறக்காதவர்கள்கூட ஹஜ்ரத்தை விடவில்லை.

18-ஆம் தேதி குற்றாலம் போவதாக இருந்தோம். முந்தின நாள் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். எங்களிடம் இருந்ததும் அதே வயதுப் பிள்ளைகள். பயணத்தை ரத்து செய்து, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் நாங்களே போன் செய்து சொன்னோம்; பேருந்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.