கெமிக்கல் பயாலஜி ஆய்வாளரின் சைட்டேஷன் பக்கத்தைப் படிக்கும் விதம்

ஆய்வுப் பேப்பர்களைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒருவரின் பக்கத்தைத் திறந்ததும் மொத்த சைட்டேஷன் (அவருடைய பேப்பர்களை மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), ஹெச்-இன்டெக்ஸ் (கணக்கு கீழே), ஐ10 (பத்து சைட்டேஷனாவது பெற்ற பேப்பர்களின் எண்ணிக்கை) என்று மூன்று எண்கள் கண்ணில் படும். வேதியியலைக் கொண்டு உயிர்ச்செல்லை ஆராயும் கெமிக்கல் பயாலஜியில் இந்த எண்களை மட்டும் பார்த்து ஆளை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். இங்கே சைட்டேஷன் குவிவது பெரும்பாலும் பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வினைகளுக்கும், அவற்றைப் பற்றித் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூக்களுக்கும்தான். உயிர்வேதியியலில் இது பழைய வழக்கம். புரதத்தை அளக்க லௌரி குழு 1951-இல் எழுதிய செய்முறை பேப்பர் மூன்று லட்சம் சைட்டேஷனைத் தாண்டியது.

2022-இல் மெல்டால், ஷார்ப்லெஸ் இருவருடன் வேதியியல் நோபல் பெற்ற கரோலின் பெர்டோசியின் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2000-இல் 'சயின்ஸ்' இதழில், செல்லின் மேற்பரப்பில் உள்ள அசைடு என்ற நைட்ரஜன் தொகுதியைக் குறிவைக்கும் ஸ்டாடிங்கர் இணைப்பு வினை. 2004-இல், செல்லுக்கு நஞ்சாகும் தாமிரம் இல்லாமலே நடக்கும் சைக்ளோஆக்டைன் (எட்டுக் கார்பன் வளையம்) வினை. அது மிக மெதுவானது. 2007-இல் அதே வளையத்தில் இரண்டு ஃபுளோரின் அணுக்களைச் சேர்த்து வேகத்தைப் பல மடங்கு கூட்டினார்கள். பிறகு வேறு குழுக்கள் டிபோ, டிபிசிஓ என்று வேகமான வளையங்களைக் கொண்டுவந்தன. இன்று பல லேப்களில் டிபிசிஓ பாட்டிலை வாங்கி, செய்முறைப் பகுதியில் விற்ற நிறுவனத்தின் கேட்டலாக் எண்ணை எழுதுவதோடு சரி. மூல பேப்பருக்கு ஒரு சைட்டேஷன்கூடச் சேராது. இன்னொரு பக்கம், முன்னுரை எழுதுகிறவர் 2000, 2004 பேப்பர்களைத் தேடாமல் ஸ்லெட்டன்–பெர்டோசியின் 2009 ரிவ்யூவைச் சைட் செய்து நகர்ந்துவிடுவார்.

அதனால் முதல் வேலை ரிவ்யூவைப் பிரிப்பது. ஸ்காலர் பக்கத்தில் அதற்கு வசதி கிடையாது. சைட்டேஷன் தரவுத்தளமான ஸ்கோபஸில் ஆவண வகையில் 'ஆர்ட்டிகிள்' மட்டும் தேர்ந்தெடுத்து, செல்ஃப் சைட்டேஷனையும் (தன் பேப்பரைத் தானே சைட் செய்தது) நீக்கிவிட்டு ஹெச்-ஐப் பாருங்கள். சைட்டேஷன் வரிசையில் இறங்கிக்கொண்டே போய், 22-ஆவது பேப்பருக்குக் குறைந்தது 22 இருந்து, 23-ஆவதுக்கு 23 இல்லையென்றால் ஹெச் 22. ரிவ்யூ நிறைய எழுதுகிறவருக்கு இந்த எண் சட்டென்று இறங்கும்.

அடுத்தது பெயர் இருக்கும் இடம். லேபை நடத்துகிறவர் வழக்கமாகக் கடைசியில், நட்சத்திரக் குறியோடு இருப்பார். ஒரு ப்ரோபை (செல்லில் தேடும் பொருளைக் காட்டும் மூலக்கூறை) செய்து கொடுத்ததற்காக இருபது பேர் கொண்ட பயாலஜி பேப்பரின் நடுவில் பெயர் வந்திருந்தால், அந்த ஆயிரம் சைட்டேஷனைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். அது பொய்யல்ல, ஆனால் அவருடைய கேள்விக்குக் கிடைத்த மதிப்பும் அல்ல.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பேப்பரையும் செல் பயாலஜி பேப்பரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதால், துறைவாரியாகச் சரிக்கட்டிய அளவு ஒன்றும் வேண்டும். ஐசைட் தளம் இலவசம். அதில் துறைக்கேற்பச் சரிக்கட்டிய ஆர்சிஆர் என்ற அளவு 1.0 என்றால், அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச்-இன் நிதி பெற்ற பேப்பர்களின் நடு மதிப்புக்குச் சமம். மருத்துவ, உயிரியல் பேப்பர்களின் தரவுத்தளமான பப்மெட்டில் ஏறாத பேப்பருக்கு அங்கே மதிப்பே வராது. ஸ்கோபஸில் இதே வகை அளவான எஃப்டபிள்யூசிஐயில் 1.00 என்பது உலக சராசரி. பத்துப் பேப்பர் மட்டுமே உள்ளவருக்கு ஒரே ஒரு பேப்பர் அதை விண்ணுக்கு ஏற்றிவிடும், ஆகவே சராசரியோடு நிற்காமல் பேப்பர் பேப்பராகப் பாருங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'எஸ். குமார்' ஒரு பேப்பரிலும், அப்பா பெயரை விரித்தெழுதிய பாஸ்போர்ட் வடிவம் இன்னொன்றிலும் இருந்தால் ஸ்கோபஸ் இரண்டு ஆட்களாக்கிவிடும். ஸ்காலரோ ஊரிலுள்ள எல்லாக் குமார்களின் பேப்பரையும் ஒருவர் தலையில் கட்டும். தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான 16 இலக்க ஆர்கிட் எண்ணை எல்லா பேப்பரிலும் கொடுத்தால் தொல்லை பெருமளவு தீரும். ப்ரீபிரின்ட்டும் (இதழில் வருமுன் இணையத்தில் இட்ட வடிவம்) இதழ்ப் பதிப்பும் ஸ்காலரில் தனித்தனியாக நின்றால் இரண்டையும் தேர்ந்து இணைத்துவிடுங்கள்.

யார் உண்மையில் வினையைப் பயன்படுத்தினார்கள் என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. பேப்பரின் 'சைட்டட் பை' இணைப்பைத் திறந்து, சைட் செய்தவற்றுக்குள் மட்டும் தேடும் பெட்டியை டிக் செய்து, வினைபொருளின் பெயரையோ செறிவின் அலகான மைக்ரோமோலாரையோ தேடுங்கள். கிடைப்பதில் சிலவற்றின் செய்முறைப் பகுதியைப் படித்தாலே, முன்னுரையில் பெயருக்குச் சொல்லிவிட்டுப் போனவை எவை, செல்லில் போட்டுப் பார்த்தவை எவை என்று பிரிந்துவிடும்.