குடம் நகர்ந்தது

ஜூலை 7, 2024, ஞாயிறு

எங்கள் பிளாக்கை இடிக்கப் போகிறார்கள். ரொம்ப நாளாகப் பேச்சில் இருந்ததுதான், மாடிப்படி சுவரில் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தே நாலு வருஷம் ஆகிறது, இப்போது வீட்டுக்கு வீடு ஃபாரமே கொடுத்துவிட்டார்கள். புதுசு கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்குப் போக வேண்டும். காலையிலிருந்து என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். ஆதார், ரேஷன் கார்டு, ஒதுக்கீட்டு ஆணை, எல்லாம் ரெண்டு ரெண்டு காப்பி.

வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "அத்த காலி பண்ணுமா?"

அத்தை எனக்கு உறவில்லை, பிளாக்குக்கே அத்தை. 1995 ஜூன் மாசம் அவர் பையன் காணாமல் போனான். ஆறு வயசு. பேர் எழுத மாட்டேன். இன்றுவரை எந்தத் தகவலும் கிடையாது, நல்லதோ கெட்டதோ. "அது போகாது, புள்ள திரும்பி வந்தா எங்க தேடுவான்" என்று அவருக்காக இவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 10, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இருந்தவர்களுக்கு வெயில் காலத்துத் தண்ணீர் லாரி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் குடத்தைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் பெரியவர்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள், குடத்துக்குக் காவலாகப் பிள்ளைகள் நிற்போம். அவன் முன்னாடி, நீலப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சூடு வைத்து ஒட்டிய கறுப்புத் தழும்பு. பின்னாடி நான், எங்கள் அம்மாவின் எவர்சில்வர் தவலையோடு. எனக்கு எட்டு வயசு.

லாரி வந்துவிட்டது. அத்தை இன்னொரு குடம் எடுக்க மாடிக்கு ஓடினார். மிஞ்சிப்போனால் ரெண்டு நிமிஷம். அவர் கீழே வந்தபோது நீலக் குடம் வரிசையில் ஐந்து இடம் முன்னால் வந்திருந்தது, பையன் இல்லை. குடம் ஒழுங்காக நகர்ந்து போய்க்கொண்டிருந்ததால் ஆள் இல்லை என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

அன்று ராத்திரி முழுக்க ஆம்பளைகள் டார்ச் எடுத்துக்கொண்டு கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம், கூட்ஸ் யார்டு, ரயில்வே கேட், காலி வேகன்கள் எல்லாம் தேடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில், எங்கேயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பான், காலையில பார்க்கலாம் என்றார்கள். காணாமல் போன குழந்தை என்று புகார் வந்தாலே எஃப்ஐஆர் போட வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும், நாலு மாசத்தில் கிடைக்கவில்லை என்றால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றெல்லாம் சுப்ரீம் கோர்ட் சொன்னது 2013 மே மாசம். எங்களுக்குப் பதினெட்டு வருஷம் லேட்.

ஜூலை 14, ஞாயிறு

மகனைக் கீழே விளையாட விட்டுவிட்டு அரை மணியில் மூன்று தடவை பால்கனிக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். அவர் பெரம்பூர்க்காரர், அவருக்குத் தெரியாது. எங்கள் பிளாக்கில் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் பிள்ளைகளின் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பதில் வரும்வரை விட மாட்டார்கள். கல்யாணமாகி வந்த பெண்களும் ஒரே மாசத்தில் இதைப் பழகிக்கொள்கிறார்கள். ஏன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

இது பரவாயில்லை. இன்னொன்றும் செய்தோம், அதை யாரும் பேசுவதில்லை. அவன் போன மூன்றாம் நாள் பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வந்தார். வாராவாரம் வருகிறவர்தான். அன்றைக்கு மட்டும் அவர் புள்ள புடிக்கிறவர் ஆகிவிட்டார். விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். எங்கள் அப்பாவும் அடித்தார், நான் பார்த்தேன். போலீஸ் விசாரித்துவிட்டு அவர் மேல் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டது. அப்புறம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை. 2018 மே மாசம் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பழவேற்காட்டில் ஒரு ஆளை அடித்தே கொன்றார்கள், அதே வாரம் திருவண்ணாமலைப் பக்கம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாட்டியையும். அப்பா டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார், ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 19, ஆடி வெள்ளி

கூழ் ஊற்றினோம். அத்தைதான் வழக்கம்போல கேழ்வரகு மாவு கரைத்தார். கருவாட்டுக் குழம்பில் உப்பு ஜாஸ்தி, எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் ரெண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள்.

பிளாக் பையன்கள் ஒரு வேலை செய்தார்கள். 2011ல் சாலிகிராமத்தில் காணாமல் போன ரெண்டு வயசுக் குழந்தை பதினாலு வயசில் எப்படி இருப்பாள் என்று போலீஸ் செயற்கை நுண்ணறிவை வைத்துப் படம் போட்டார்களே, இந்த ஜனவரியில்தானே செய்தி வந்தது, அதைப் பார்த்து இவர்களும் போன் ஆப்பில் அவன் படத்தைக் கொடுத்து முப்பத்தைந்து வயசு ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்குப் பகீர் என்றது. அத்தை கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "ஆரோ மாறி கீது நைனா, அழிச்சிடு" என்றார். அழித்துவிட்டார்கள்.

அத்தை நம்பிக்கையை விட்ட ஆள் இல்லை. 2005ல் புளியந்தோப்பு சமாச்சாரம் பேப்பரில் வந்தபோது, அங்கே 1999ல் திருட்டுப் போன குழந்தைகளைத் தத்து என்ற பேரில் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, அடுத்த நாளே போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தன் பையன் போனது 95 என்று தெரிந்துதான் போனார். 2017ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. ஆதார் இல்லாத அவன் பேர் அதில் வரவில்லை. பழைய கார்டில் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்யச் சொன்னார். நான் காசு வாங்கவில்லை, அவர் டேபிளில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 23, செவ்வாய்

கடை சாத்தும் நேரத்தில் அத்தை ஃபாரத்தோடு வந்தார். காலி செய்ய மாட்டார் என்று ஊரே சொன்னதே என்று நான் இழுத்தேன்.

"ஏன், இடிஞ்சு என் தலைல உய்ணுமா? ஏற எறங்க முட்டி வலி உயிர் போவுது. தரைத்தளம்னு எய்தும்மா."

எழுதினேன். அந்த நீலக் குடத்தை வைத்திருக்கிறாரா என்று ஏன் கேட்டேனோ தெரியாது. அதை அப்பவே பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போட்டுவிட்டாராம், ஒரு கிண்ணம் கொடுத்தானாம். எங்கள் வீட்டில் யாரும் அந்த வருஷம் குடம் என்ற வார்த்தையைக்கூடச் சொல்ல மாட்டோம், தவலை என்றுதான் சொல்வோம்.

அப்புறம் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் யாரும் என்னைக் கேட்கவில்லை, அம்மா வாயைத் திறக்காதே என்றாள், அதனால் இருபத்தொன்பது வருஷம் சொல்லாததை. வரிசை நகர நகர அந்தக் குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனது நான்தான் அத்தை. அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கேயோ விளையாடப் போயிருக்கிறான், இடம் போய்விட்டால் அத்தை அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் ஃபாரத்தைத் திருப்பி அடுத்த பக்கம் பார்த்தார்.

"பின்னாடி நின்னது நீதானே, எனக்குத் தெரியாதா" என்றார். "கையெய்த்து எங்க போடணும், இங்கியா?"