டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டுகிறவர்கள்

ரயிலில் அபராதம் கட்டுகிறவர்கள் என்றாலே டிக்கெட் வாங்காமல் ஏறி, பரிசோதகரைக் கண்டதும் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்கிறவர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். செங்கல்பட்டுக்கும் எழும்பூருக்கும் இடையே பல ஆண்டுகளாகப் போய்வந்துகொண்டிருக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, டிக்கெட் வாங்கி, அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏறியவர்கள். அவர்கள் வாங்கிய டிக்கெட் அவர்கள் ஏறிய வண்டிக்கோ, பெட்டிக்கோ, இறங்கிய ஊருக்கோ உரியதாக இல்லை, அவ்வளவுதான். ரயில் கட்டணத்தில் நியாயமான வழியில் பணத்தை மிச்சப்படுத்துவதற்கும், இப்படி அபராதத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் தேவைப்படும் அறிவு ஒன்றேதான் என்பது என் கருத்து.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 137, 138 என்று அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்கிறவர்களுக்கானது முதல் பிரிவு. அதில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நம்மைப் போன்றவர்கள் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது பிரிவில்தான். உரிய டிக்கெட் இல்லாதவர் பயணக் கட்டணத்தையும், அதற்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கே ஏறினோம் என்பதில் ஐயம் இருந்தால், வண்டி புறப்பட்ட ஊரிலிருந்தோ கடைசியாக டிக்கெட் சோதிக்கப்பட்ட இடத்திலிருந்தோ கட்டணம் கணக்கிடப்படும். கன்னியாகுமரியிலிருந்து வரும் வண்டியில் விழுப்புரத்தில் ஏறியவர், தாம் அங்கேதான் ஏறினோம் என்று காட்ட முடியாமல் போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதே 138ஆம் பிரிவின்படி, டிக்கெட் வைத்திருந்தாலும் அதைவிட உயர்ந்த வகுப்பிலோ உயர்ந்த வகை வண்டியிலோ பயணம் செய்தவரும், டிக்கெட்டில் குறித்த ஊரைத் தாண்டிப் போனவரும் கட்டண வித்தியாசத்தோடு அந்தக் கூடுதல் தொகையையும் கட்டியாக வேண்டும். வித்தியாசம் வெறும் 15 ரூபாயாக இருந்தாலும் கூடுதல் தொகை 250 ரூபாய்க்குக் குறையாது. சூப்பர்பாஸ்ட் வண்டிகளில் பலர் அகப்பட்டுக்கொள்வது இதனால்தான். முன்பதிவில்லாத பெட்டிக்கான டிக்கெட்டை எக்ஸ்பிரஸ் வண்டிக்கு என்று வாங்கிவிட்டு, முதலில் வந்து நின்ற வண்டி சூப்பர்பாஸ்ட் என்பதைக் கவனிக்காமல் ஏறிவிடுகிறார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு முதிய தம்பதி செங்கல்பட்டில் பரிசோதகர் முன் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். “டிக்கெட் எடுத்துத்தானே சார் ஏறினோம்?” என்று பெரியவர் கேட்க, “நீங்க எடுத்தது எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுங்க ஐயா, இது சூப்பர்பாஸ்ட்” என்று பரிசோதகர் மரியாதையாகவே சொன்னார். மரியாதையால் தொகை குறையவில்லை. இருவருக்கும் தனித்தனியாக 265 ரூபாய் ஆயிற்று.

வண்டியின் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பொதுவாக 12, 20, 22 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்கள் சூப்பர்பாஸ்ட் வண்டிகளுக்கு உரியவை. வைகையின் எண் 12635. குருவாயூர் எக்ஸ்பிரஸின் எண் 16127. சோழன் எக்ஸ்பிரஸ் நெடுங்காலம் 16853 என்ற எண்ணில் ஓடிப் பிறகு சூப்பர்பாஸ்ட் ஆகி 22675 ஆனது. பழைய நினைவில் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறுகிறவர்களுக்கு ஊர்ப் பெயரும் வண்டிப் பெயரும் மாறாததே கண்ணியாகிவிடுகிறது. எந்த வண்டி முதலில் வருமோ தெரியாது என்ற நிலையில் இருப்பவர்கள் அந்த 15 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்து சூப்பர்பாஸ்ட் டிக்கெட்டாகவே வாங்கிவிடுவது நல்லது. அதை வைத்துக்கொண்டு சாதாரண எக்ஸ்பிரஸிலும் போகலாம்.

சென்னைப் புறநகர் மின்சார ரயில்களிலும் இதே கதைதான். 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்றால் இதில் 35 ரூபாய். கதவு திறந்திருக்கிறது, உள்ளே குளுகுளுவென்றிருக்கிறது என்று சாதாரண டிக்கெட்டோடு நுழைகிறவர்களும், நெரிசலுக்கு அஞ்சி முதல் வகுப்புப் பெட்டியில் ஏறுகிறவர்களும், தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கித் தூக்கக் கலக்கத்தில் கூடுவாஞ்சேரி வரை போய்விடுகிறவர்களும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

தினமும் போய்வருகிறவர்களுக்கு சீசன் டிக்கெட்டைவிடப் பெரிய சேமிப்பு ரயில்வேயில் வேறெதுவும் இல்லை. மாத சீசனின் விலை ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களுக்கான கட்டணம்தான்; மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் 50 முறை பயணம் செய்கிறார் என்னும்போது எவ்வளவு மிச்சமாகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. மூன்று மாத சீசனுக்கு மூன்று மடங்கு இல்லாமல் 2.7 மடங்கு மட்டுமே வாங்குகிறார்கள். இருந்தும் அன்றாடம் கவுண்டரில் நின்று டிக்கெட் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். மாதத் தொடக்கத்தில் மொத்தமாக ஒரு தொகையை எடுத்துக் கொடுப்பது எல்லா வீடுகளிலும் எளிதில்லை என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். சீசனோடு அதற்குரிய அடையாள அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். மனைவியின் சீசனில் கணவர் போக முடியாது. முன்பதிவுப் பெட்டியில் காலியாக இருக்கிறதே என்று சீசன் டிக்கெட்டோடு உட்கார்வதும் அபராதத்துக்கு உரியது.

முன்பதிவுப் பயணத்தில் பணம் கசியும் இடங்கள் வேறு. படுக்கை வசதி வகுப்பில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான கட்டணத்தை வாங்கிவிடுகிறார்கள். ஆகவே 160 கிலோமீட்டர் அளவே உள்ள சென்னை–விழுப்புரம் பயணத்துக்குப் பகல் நேரத்தில் படுக்கை டிக்கெட் வாங்குவது, போகாத தூரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதாகும். இரண்டாம் வகுப்பு இருக்கை டிக்கெட்டே போதும். தட்கலில் இந்தக் குறைந்தபட்ச தூரம் படுக்கை வகுப்புக்கு 500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி 340 கிலோமீட்டர்கூட இல்லை. தட்கல் கட்டணம் மட்டும்தானே கூடுதல் என்று நினைத்துக்கொண்டு பலர் மீதித் தூரத்துக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசாவும் திரும்பாது. இருக்கை வகுப்புக்குத் தட்கலில் இந்தத் தூரம் 100 கிலோமீட்டர்தான் என்பதால், அவசரமாகத் திருச்சிக்குப் போக வேண்டியவர் பகல் வண்டி ஒன்றில் இருக்கைத் தட்கல் கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு துண்டு டிக்கெட்டுகளைவிட ஒரே நீண்ட டிக்கெட் மலிவு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடரவும் விதி இடம் தருகிறது. ஆனால் முதல் இறக்கம் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகுதான் இருக்க வேண்டும். எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு டிக்கெட் வாங்கியவர் திருநெல்வேலியில் இறங்கித் தங்கலாம். 500 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான தூரத்தில் இருக்கும் மதுரையில் முடியாது. மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற எத்தனையோ பேருக்கு இந்த விதி சில கிலோமீட்டர்களில் கைநழுவிவிடுகிறது.

இணையத்தில் முன்பதிவு செய்யும்போது வாங்கும் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒன்று என்று இல்லாமல் டிக்கெட்டுக்கு ஒன்று என்பதால், ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். யுபிஐ மூலம் பணம் செலுத்தினால் அந்தக் கட்டணமும் குறையும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். வேண்டும் என்றால் முழுக் கட்டணம். பயணம் செய்யவிருந்தவருக்கு உடல்நலமில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்யுமுன், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு அதை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, “நம்ம ஊரில்தானே நிற்கிறது, இங்கேயே ஏறிக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். ஏறுமிடத்தை முறைப்படி மாற்றாவிட்டால், ஆள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு பரிசோதகர் அந்தப் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இணையத்திலேயே இலவசமாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாற்றிய பிறகு மனம் மாறி எழும்பூரிலேயே ஏறினால், அந்தத் தூரத்துக்கு உங்களிடம் டிக்கெட் இல்லை என்றே பொருள்.

நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் யோசனைகளில் ஒன்று, பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டால் அபராதம் கிடையாது என்பது. அது பயண டிக்கெட் அன்று. நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பதற்குச் சான்றாக இருந்து கட்டணக் கணக்கைச் சுருக்கும். 250 ரூபாயைத் தடுக்காது. உண்மையில் தடுப்பது வேறொன்று. கவுண்டரில் வரிசை நீண்டு வண்டியும் வந்துவிட்ட நிலையில், ஏறுவதற்கு முன்பே ரயில்வே ஊழியரிடம் அனுமதி கேட்டு 55ஆம் பிரிவின்படி ஒரு சான்று பெற்றுக்கொண்டால், கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும், கூடுதல் தொகை வாங்கக் கூடாது என்று 138ஆம் பிரிவே சொல்கிறது. இரண்டு நிமிடம் நிற்கும் வண்டியில், முன்பு கார்டு என்று அழைக்கப்பட்ட ரயில் மேலாளரைத் தேடிக் கடைசிப் பெட்டிக்கு ஓடுவது எவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்பது வேறு விஷயம். கைப்பேசிச் செயலியில் முன்கூட்டியே டிக்கெட் எடுப்பது அதைவிட எளிது. அதைச் செயலிக்குள்ளேயே திறந்து காட்ட வேண்டும். நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள்.

எப்படியோ அபராதம் கட்டும்படி ஆகிவிட்டால் வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட ரசீதைக் கேட்டு வாங்குவது முக்கியம். ரசீதில் எங்கிருந்து எங்குவரை, கட்டணம் எவ்வளவு, கூடுதல் தொகை எவ்வளவு என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் 139 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எஞ்சிய பயணத்துக்கு அந்த ரசீதுதான் உங்கள் டிக்கெட் என்பதால், இறங்கும் நிலையத்தின் வாசலைத் தாண்டும்வரை அதைக் கசக்கி எறிந்துவிட வேண்டாம்.