கோலமாவுல கால்தடம்

காலைல ஏணில ஏறிப் பார்த்தா, எறவாரத்து சந்துக்கு முன்னாடி ராத்திரி தூவி வச்ச கோலமாவுல கால்தடம். அஞ்சு விரலும் தெளிவா. எல்லாமே வெளிய பார்த்து மட்டும்.

மரநாய் குட்டிகளோட போயிருச்சு.

கோவில்பட்டி வெயில்ல ஓட்டுக்கு அடில தாங்குற ரீப்பர் கட்டையெல்லாம் காஞ்சு முறுக்கி ஓடு நழுவி ஓரத்துல நல்லா கை நுழையுற அளவு சந்து விழுந்திருக்கு, மழையே பாதி நாள் இல்லாததால ஒழுகல, ஒழுகாததால யாரும் மேல பார்க்கல.

பரண்ல ராத்திரி உருட்டுற சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சது. மூலைல எச்சம், பூரா பழக்கொட்டை.

ஆசாரி அன்னைக்கே அடைச்சுரலாம்னாரு. "வேணாம் அண்ணாச்சி, குட்டி இருந்தா?"ன்னு டார்ச் அடிச்சேன். மூணு குட்டி, கண்ணு கூட திறக்கல. தாய் இரை தேடப் போன நேரம் அடைச்சிருந்தா இதுக உள்ளயே செத்திருக்கும். பொறி, விஷம் வைக்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம் வேற.

ரெண்டு மாசத்துக்கு மேல பொறுத்தோம்.

இன்னைக்கு பரண் காலின்னு உறுதி பண்ணிட்டு, உளுத்த கட்டைய மாத்தி, சந்து பூரா அரை இஞ்ச் வெல்ட் மெஷ் கம்பி வலை அடிச்சு, ஓடுகள திரும்ப அடுக்கியாச்சு.

அது முன்னாடி எதுத்தாப்ல புளியமரப் பொந்துல இருந்த ஜீவன். ரோட்டுக்காக அந்த மரத்த வெட்டினப்ப வேற எங்க போகும்?

பின்னாடி வேப்பமரத்துல ஒரு மரப்பெட்டி கட்டி விட்டிருக்கேன். வந்தா நல்லாருக்கும்.