அப்பா போட்ட ஆக்சிடென்ட் கேஸ்

2022 ஆகஸ்டில், வயலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் வண்டியைப் பின்னால் வந்த கார் இடித்தது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். டிசம்பரில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி., அதாவது இழப்பீடு கேட்கும் மனு, போட்டோம். சாட்சி விசாரணை தொடங்குமுன், 2023 நவம்பரில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதி, அம்மாவின் உடம்பு என்று நாள் ஓடியது. கேஸ் நினைவே வரவில்லை. ஐந்து மாதம் கழித்து வக்கீல் குமாஸ்தா போன் பண்ணி, "அப்பாவை மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிட்டு வரணும் தம்பி" என்றார். ஊனம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் டாக்டர் குழு அது. "அப்பா தவறி அஞ்சு மாசம் ஆச்சுண்ணே" என்றேன். அன்று சாயங்காலமே ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

மனுதாரர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டுமாம். தவறினால் வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள் உண்டு. எங்களுக்கு அதுவும் கடந்திருந்தது. அதனால் ஒரு மனுவுக்குப் பதில் மூன்று: தாமதத்தை மன்னிக்க ஒன்று, வழக்கு அற்றுப்போனதை ரத்து செய்ய ஒன்று, எங்களைச் சேர்க்க ஒன்று. வாரிசுச் சான்றிதழுக்குக் காத்திருக்காமல் இறப்புச் சான்றிதழை வைத்தே வக்கீல் மூன்றையும் தாக்கல் செய்தார். அது 172-ம் நாள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர்தான் கொடுத்தேன். விசாரிக்க வீட்டுக்கு வந்த வி.ஏ.ஓ., திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயியைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார். அப்பாவின் அம்மா என்றதும், "பெத்த தாய் உயிரோட இருக்காங்க, எப்படி விட்டீங்க?" என்று கேட்டார். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளுக்கு இருக்கும் அதே பங்கு தாய்க்கும் உண்டு. வெட்கமாக இருந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணையும் விடக் கூடாது. தங்கையின் பெயர் எதற்கு என்று சித்தப்பா கேட்டார், நான் இசையவில்லை. திருத்தி அனுப்பி, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்தாகி, தாசில்தாரிடமிருந்து சான்றிதழ் வர ஆறு வாரம் ஆனது.

வக்காலத்தில் அப்பாயி கைநாட்டு வைத்தார். "எம்புள்ள காசு எனக்கெதுக்குடா?" என்று அழுதபடியே கட்டைவிரலை நீட்டினார். மையை அன்று முழுக்க அவர் கழுவவில்லை.

இன்சூரன்ஸ் தரப்பு எதிர்த்தது. அவர் செத்தது நெஞ்சுவலியில், காயத்தால் அல்ல. காயத்துக்கான கோரிக்கை அவரோடு முடிந்தது என்றார்கள். முன்பு இந்த வாதத்துக்கு வலு இருந்தது. இப்போது மோட்டார் வாகனச் சட்டம் 166(5) இருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்த்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிரிவு. சாவுக்கும் காயத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை சட்டப் பிரதிநிதிகளுக்குத் தொடரும் என்று அது நேராகவே சொல்கிறது. வக்கீல் அந்த ஒரு பத்தியைத்தான் வாசித்தார். மூன்று மனுவும் அனுமதிக்கப்பட்டன. வழக்குத் தலைப்பில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று சேர்த்து, கீழே எங்கள் நால்வர் பெயரையும் எழுதினார்கள்.

அப்பாவை இனி மெடிக்கல் போர்டில் காட்ட முடியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம்தான் அவருக்குப் பதில் பேச வேண்டும். வீட்டில் யாராவது இப்படிக் கேஸ் நடத்திக்கொண்டிருந்தால் ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். துக்கம் நடந்த வாரமே வக்கீலுக்கு ஒரு போன் பண்ணிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் வேட்டி வாங்கிய அட்டைப்பெட்டியில் தேதிவாரியாக இருந்தன. போன மாதம் அம்மா கூண்டேறி ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டினார். பில்களின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "ஆட்டோ 150. டீ 2."

"ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு" என்றார்.