மேடைக்கு முன்னால் நிற்பவர்கள்: ராக் அரங்குகள் வழியாக ஒரு பயணம்

ராக் கச்சேரிக்கு வரும் கூட்டம் முன்பு போல் இல்லை என்று எந்த ஊருக்குப் போனாலும் பழைய ரசிகர்கள் சொல்வார்கள். அன்று ஆடினார்கள், இன்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது அவர்கள் குறை. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அரங்குகளை நேரில் போய்ப் பார்த்தால் தெரியும். தடுப்பு எங்கே நிற்கிறது, ஸ்பீக்கர் எங்கே தொங்குகிறது, டிக்கெட்டை எப்படி விற்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தே கூட்டத்தின் குணம் அமைகிறது.

நியூயார்க்கில் தொடங்கலாம். பீட்டில்ஸ் 1965 ஆகஸ்ட் 15 அன்று வாசித்த ஷியா ஸ்டேடியம் இப்போது இல்லை, 2009-இல் இடித்துவிட்டார்கள். 7-ஆம் எண் சப்வே ரயிலில் மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயிண்ட் நிலையத்தில் இறங்கினால், சிட்டி ஃபீல்ட் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் பழைய பேஸ்பால் களத்தின் அடையாளங்களைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் அன்றைய நிலைமை புரியும். மேடை களத்தின் நடுவில் இருந்தது. சுமார் 55,600 பேரும் தொலைவில் கேலரியில் இருந்தார்கள். இசைக்குழுவிடம் இருந்தது 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள் (கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்). குரலுக்கு, ஆட்ட அறிவிப்புகளுக்காக மைதானத்தில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்கள். பாடுபவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அந்தத் தலைமுறை கத்திக்கொண்டே இருந்தது என்று இன்றும் கேலி செய்கிறார்கள். கத்துவதைத் தவிர அங்கே ரசிகருக்குச் செய்வதற்கு வேறென்ன இருந்தது? அடுத்த ஆண்டு ஆகஸ்டுடன் அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஒலி எங்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சேர்வதில்லை. முன்வரிசைதான் சிறந்த இடம் என்று நம்பிக் காசைக் கொட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதன்மை ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன. அவற்றின் ஒலி முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலாகப் போய்விடும். அவர்களுக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்திருக்கும் சிறிய ஸ்பீக்கர்களின் ஒலி. முன்பு கிதார் ஆம்பின் ஒலியாவது மேடையிலிருந்து நேராக வரும். இப்போது பல குழுக்கள் தாங்கள் வாசிப்பதைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டரைக் காதுக்குள் மாட்டிக்கொண்டு, ஆம்பே இல்லாமல் டிஜிட்டல் கருவி வழியாக வாசிக்கின்றன. அதனால் முன்வரிசையில் டிரம்ஸ் மட்டும் ஓங்கி, குரல் மெலிந்து கேட்பது சகஜம். நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் ஒலிப்பொறியாளரின் மேசையைத் தேடி, அதற்குச் சற்று முன்னால், நடுக்கோட்டை ஒட்டி நில்லுங்கள். அவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் அமைக்கிறார்.

பெரிய மைதானங்களில் கைதட்டல் தாளம் தவறுவதற்கும் காரணம் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒவ்வொரு அடியும் 0.29 நொடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை நொடிதான். ஆக, பின்னால் நிற்பவர் தன் காதில் விழும் அடிக்குச் சரியாகவே தட்டினாலும், மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கைகள் இரண்டு அடிகளுக்கு நடுவில் சேர்வதாகத் தெரியும். நடுவில் நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்கள் இதைச் சரிசெய்யாது. மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து ஒலிப்பதற்காக அவற்றையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் வைத்திருப்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் இதற்கு நேர் எதிரான இடம். கேரி பூல்வார்டும் ஃபில்மோர் தெருவும் சந்திக்கும் மூலையில், சுமார் 1,300 பேர் கொள்ளும் நடனக்கூடம். நிகழ்ச்சி அமைப்பாளர் பில் கிரஹாம் 1965 டிசம்பரில் இங்கே நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். எண்ணெயும் சாயமும் கலந்து புரொஜெக்டரில் காட்டும் வண்ண ஒளி சுவர்களை நிறைக்கும். ரசிகர்கள் ஆடினார்கள், களைத்தால் தரையில் உட்கார்ந்தார்கள். மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த கட்டடம் 1994-இல் மீண்டும் திறந்தது. வாசலில் ஒரு தொட்டி நிறைய ஆப்பிள் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் கிரஹாம் காலத்தது. டிக்கெட் முழுதும் விற்ற நாட்களில், வெளியே வரும்போது அன்றைய நிகழ்ச்சிக்கென்றே அச்சிட்ட போஸ்டரை இலவசமாகத் தருவார்கள். சுருட்டி வைக்க ஒரு ரப்பர் பேண்டை முன்கூட்டியே பையில் போட்டுக்கொள்ளுங்கள், மடித்தால் பாழ்.

சின்சினாட்டியில் பார்க்க வேண்டியது ஒரு நினைவுச்சின்னம். 1979 டிசம்பர் 3 அன்று தி ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு முன், ரிவர்ஃப்ரண்ட் கொலிசியத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலான டிக்கெட்டுகளில் இருக்கை எண் கிடையாது. முதலில் நுழைபவருக்கே முன்னிடம். அதனால் பிற்பகலிலேயே கூட்டம் கதவை ஒட்டிச் சேர்ந்துவிட்டது. ஒலிச்சோதனையின் சத்தம் வெளியே கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்று பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். திறந்தவையோ சில கதவுகள் மட்டும். காட்டுமிராண்டிக் கூட்டம் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. அது அநியாயம். பின்னால் தள்ளியவருக்கு முன்னால் ஒருவர் மூச்சுவிட முடியாமல் நிற்பது தெரிய வழியே இல்லை. இருக்கை எண் இல்லாமல் டிக்கெட் விற்கும் முறையை நகரம் தடைசெய்து, 2004-இல்தான் விலக்கியது.

இந்தப் பாடத்தை முழுமையாகச் செயல்படுத்தியது டென்மார்க்கின் ராஸ்கில்டே திருவிழா. அவர்களும் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது ஆரஞ்ச் மேடையின் முன் 9 பேர் இறந்தார்கள். இப்போது மேடை முன்பகுதி தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் அளவோடுதான் ஆட்களை விடுகிறார்கள். முன்னால் நிற்க வேண்டுமானால் தனி வரிசை, ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் வெளியேறி மறுபடி வரிசை.

அங்கே போனால் அந்தத் தடுப்பைக் கிட்டத்தில் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் சாய்வுக்கால் கொடுத்த அலுமினியச் சட்டம். உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர், ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டர் அகலம், வரிசையாகப் பூட்டியிருக்கும். ரசிகர் பக்கம் ஒரு தகடு தரையோடு நீண்டிருக்கும். முன்வரிசை அதன் மேல்தான் நிற்கிறது. கூட்டம் தள்ளத் தள்ள, நிற்பவர்களின் எடையே தடுப்பைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. மறுபக்கம் காவலர் ஏறி நின்று, மயங்குபவரைக் கையிடுக்கில் பிடித்துத் தூக்க ஒரு படி. மேல் விளிம்பில் கூர்மை இருக்காது, மார்பு அழுந்தும் இடம் அது. சாதாரணத் தெருத் தடுப்பை இங்கே வைத்தால் கவிழும், கால்கள் அதில் சிக்கும்.

மேடையிலிருந்து சற்றுத் தள்ளி, கூட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் இரண்டாவது தடுப்பை, நெருக்கும் விசையைப் பாதியில் உடைப்பதற்காகத்தான் வைத்தார்கள். பிறகு பல ஊர்களில் அதன் முன்பகுதியைத் தனி விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். என் பார்வையில், கூட்டத்தின் குணத்தை ஃபோனைவிட அதிகமாக மாற்றியது இதுதான். முன்பு முன்னிடம் நேரத்தோடு வந்தவருக்கு; இப்போது அதிகம் கொடுத்தவருக்கு. ஆடத் துடிக்கும் இளைஞர்கள் பின்னால் போய்விட, மேடையில் இருப்பவருக்குத் தெரிவது அசையாத முதல் பத்து வரிசை. 2024-இல் பிரிட்டனில் ஓயஸிஸ் குழுவின் டிக்கெட் விற்றபோது, நின்று பார்க்கும் இடத்துக்கே 148.50 பவுண்ட், 355.20 பவுண்ட் என இரண்டு விலை இருந்தது. குறைந்த விலை தீர்ந்த பிறகுதான் மணிக்கணக்கில் இணைய வரிசையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்தது. அவ்வளவு கொடுத்து வருபவர் அந்த இரவைப் பதிவு செய்துகொள்ளத் துடிப்பதில் வியப்பில்லை.

நெரிசலில் எச்சரிக்கைக்கு ஓர் எளிய அளவு உண்டு. சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்றால் நகரலாம். ஆறு ஏழு பேர் என்றால் உங்கள் கால் உங்கள் வசத்தில் இல்லை, கூட்டமே அலையாகக் கொண்டுபோகும். கையை முகம்வரை தூக்க முடியவில்லையா, உடனே விலகுங்கள். முன்கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, ஒரு தள்ளல் ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் பின்பக்கமாகக் குறுக்கே நகர வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் வலு வீணாகும். கீழே விழுந்த ஃபோனுக்குக் குனியாதீர்கள். ரசிகர்கள் வேண்டுமென்றே ஒருவரையொருவர் மோதி ஆடும் மோஷ் பிட்டில் நிலைமை வேறு: அங்கே இடம் இருக்கிறது, பழைய சட்டமும் இருக்கிறது. விழுந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் நின்று, தூக்கிவிட்டுத்தான் ஆட்டம் தொடரும். ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் 1990 முதல் நடக்கும் மெட்டல் திருவிழாவில் இந்த மரியாதையை இன்றும் பார்க்கலாம். அங்கே போக ரப்பர் பூட்ஸ் அவசியம். 2023-இல் மழைச்சேற்றால் பாதியில் ஆட்களை உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

காதடைப்பான் இல்லாமல் எங்கும் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்குச் சொன்ன உச்ச அளவு, 15 நிமிட சராசரியில் 100 டெசிபெல். பணியிடப் பாதுகாப்புக் கணக்கில் அந்த ஒலியைத் தாங்கலாம் என்று சொல்வது ஒரு நாளைக்குப் பதினைந்தே நிமிடம். நுரை அடைப்பான் உயர்ந்த ஒலிகளை விழுங்கி, குரலை மங்கலாக்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்தவை எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்.

டோக்கியோவில் கூட்டத்தின் அமைதி முதலில் திகைக்க வைக்கும். புடோகான் அரங்கம் 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டியது. 1966-இல் பீட்டில்ஸ் வந்தபோது போலீஸ் சூழ, ரசிகர்கள் இருக்கையிலேயே இருந்தார்கள். இன்று லைவ் ஹவுஸ் எனப்படும் சிறிய இசைக்கூடங்களில் டிக்கெட்டில் ஒரு வரிசை எண் இருக்கும். வாசலில் எண்ணை வரிசையாகக் கூப்பிடுவார்கள். உங்கள் எண் போன பிறகு வந்தால் உள்ளே விடுவார்கள், முன்னிடம் போய்விடும். எண்கள் ஜப்பானிய மொழியில்தான் வரும், அதனால் பக்கத்தில் நிற்பவரிடம் டிக்கெட்டைக் காட்டி வைப்பது நல்லது. நுழைவில் ஒரு பானத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், சில்லறை தயாராக இருக்கட்டும். பையை லாக்கரில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள்.

கடைசியாக ஃபோன். ராக் பாடகர் ஜாக் ஒயிட் 2018-லும் கோஸ்ட் குழு 2025-லும் ஃபோன் இல்லாத சுற்றுப்பயணம் நடத்தினார்கள். வாசலில் ஃபோனைக் காந்தப் பூட்டுள்ள உறையில் போட்டு உங்களிடமே தந்துவிடுவார்கள். திறக்கும் கருவி முகப்புக் கூடத்தில் இருக்கும். டிக்கெட் ஃபோனில் என்றால் ஸ்கேன் செய்த பிறகே உறை, ஆகவே இருக்கை எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே எதையும் வாங்க வங்கி அட்டை வேண்டும். உடன் வந்தவர்களுடன் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். திரும்பும் ரயில் நேரத்தைப் பார்க்கவும் ஃபோன் கையில் இருக்காது. எல்லோரும் ஒரே சமயத்தில் உறையைத் திறக்க வருவதால், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.