பள்ளிவாசல் தெருவும் ராமதீர்த்தமும்

2025 ஆகஸ்ட் 15, வெள்ளி

விடியும்போது ரயில் பாம்பன் கடல்மேல் போய்க்கொண்டிருந்தது. அம்மாவை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இந்த ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழையது.

காலை முழுக்க ராமேஸ்வரம் கோயில். 22 தீர்த்தமும் ஆடியே தீர வேண்டும் என்றாள் அம்மா. விடுமுறைக் கூட்டத்தில் கிணற்றுக்குக் கிணறு நின்று, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடியவே மதியமாகிவிட்டது. மூன்றாம் பிராகாரத்தில் தூண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால்வலி தெரிவதில்லை.

மாலை பள்ளிவாசல் தெரு. கோயிலிலிருந்து நடந்தே போய்விட்டோம். அப்துல் கலாம் வளர்ந்த வீடு இப்போது மாடிகளோடு காட்சியகமாக இருக்கிறது. படங்கள், விருதுகள் எல்லாம் பார்த்தோம். எனக்கு வீட்டைவிடத் தெருதான் பிடித்திருந்தது. தொழுகைக்குப் போகிறவர்களும் தீர்த்தமாடிவிட்டு வருகிறவர்களும் ஒரே தெருவில் நடக்கிறார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம். 2015 ஜூலை 30-இல் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சமாதியை வணங்கினார்கள்.

அப்புறம் ராமதீர்த்தம். நான் பார்க்க நினைத்த இடமே இதுதான். சீதா கல்யாண உற்சவத்தில் சுவாமியைக் குளத்தின் நடுவே கொண்டுபோக, மேடை கட்டிய படகுகளைக் கலாம் குடும்பத்தார்தான் ஏற்பாடு செய்வார்களாம்; அவரே எழுதியிருக்கிறார். கோயில் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியும் கலாமின் அப்பா ஜைனுலாப்தீனும் நெருங்கிய நண்பர்கள். சாஸ்திரியின் மகன் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக, புதிதாக வந்த வாத்தியார் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தவர் சாஸ்திரிதான். படியில் உட்கார்ந்து இதை அம்மாவுக்குச் சொன்னேன். "அந்தப் பிள்ளை எவ்வளவு அழுதிருக்கும்" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தனுஷ்கோடி. போகும் வழியில் தண்டவாளம் இருந்த பக்கத்தையே தேடிக்கொண்டு வந்தேன். இரண்டாம் உலகப்போர் நாளில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை இந்தப் பாதையில் வீசுவார்கள். அதைப் பிடித்துக்கொடுத்ததுதான் கலாமின் முதல் சம்பாத்தியம்.

அவர் அப்பா மரப்படகு கட்டி யாத்ரீகர்களை இங்கே ஏற்றிவந்தார். அந்தப் படகை ஒரு புயல் கொண்டுபோனது. 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலில் இருந்தவர்களும் போய்விட்டார்கள். இடிந்த சர்ச், ரயில் நிலையத்தின் சுவர்கள் நிற்கின்றன. சர்ச்சுக்குள் மணல்.

அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. ரேடியோவில் செய்தி கேட்டுப் பாட்டி அன்றைக்கு உலை வைக்கவில்லையாம். இவ்வளவு நாளும் இதைச் சொன்னதே இல்லை.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு பக்கம் ஆண்கடல் இரைந்துகொண்டிருந்தது, மறுபக்கம் பெண்கடல் குளம்போலக் கிடந்தது. அம்மா பெண்கடல் பக்கம் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.